மாதா காலடியில் என் எவர்சில்வர் டப்பா

போன வாரம் முழுக்க என் மகன் விக்கி கனடாவிலிருந்து திரும்பத் திரும்ப போன் பண்ணிக்கொண்டே இருந்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். "சாப்டியா? அப்பா மாத்திரை போட்டாரா? சரிம்மா, வெச்சிடறேன்" – அவ்வளவுதான். திடீரென்று இத்தனை பாசமா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது... அவன் கவலை என்னைப் பற்றி இல்லை. ஒரு டப்பாவைப் பற்றி!

ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு. ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தை போன் ஆப்பில் குறித்துவிட வேண்டும். முன்பின் தெரியாதவர்கள் போனும் கையுமாக வந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் சின்னப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு, தங்களுடையதை வைத்துவிட்டுப் போவார்கள். பரிசு? ஒன்றும் கிடையாது. வேலை வெட்டி இல்லையா என்று கேட்கிறீர்கள்தானே? நானும் அதையேதான் கேட்டேன்.

விக்கி வேலப்பன்சாவடி பக்கம் காலேஜில் படித்தபோது பைக்கில் சுற்றாத ஊர் இல்லை. குத்தம்பாக்கத்தைத் தாண்டி ஒரு கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன், காரணம் இருக்கிறது. அங்கே வெள்ளைக்காரன் காலத்து மாதா கோயில் ஒன்று. ஃப்ளைட் ஏறுவதற்கு முன்னால் அதன் பின்சுவர் பொந்தில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருக்கிறான். இப்போது தேடிப் போனவர்கள் எல்லாம் 'கிடைக்கவில்லை' என்று எழுத, ஆப் எச்சரிக்கை அனுப்பிவிட்டதாம். வைத்தவர் போய்ப் பார்க்காவிட்டால் டப்பாவின் பெயரையே எடுத்துவிடுவார்களாம்.

"நீ போய் ஒரு வாட்டி பாத்துட்டு வாயேம்மா, ப்ளீஸ்."

அந்த ப்ளீஸுக்காகவே போகலாமே! அந்த டப்பா போய்விட்டால் இந்த போனும் போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம் வேறு. "வீட்ல இல்லாத டப்பாவா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் பண்ணினார். காதில் வாங்காமல் கொரட்டூரிலிருந்து கிளம்பிவிட்டேன். பூந்தமல்லி வரை பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ.

கோயில் சின்னதுதான். புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, வெயிலில் கண் கூசியது. பின்பக்கம் போனேன். போன் காட்டிய இடத்தில் பொந்தே இல்லை... பூசி அடைத்திருந்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டு நின்றேன். என் பிள்ளை கை வைத்த இடம் இதுதானே என்று தோன்றியதும் இன்னொரு முறை தடவினேன்.

"இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

கையில் துடைப்பத்தோடு ஒரு பெண். பெயர் ஸ்டெல்லா, கோயிலைப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவர். டப்பா என்று நான் வாயெடுத்ததுமே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மல்லிகா டப்பாவா? அது மாதா கிட்ட கீதும்மா, வாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மல்லிகா என் பெயராயிற்றே!

முன்பக்கம் குகை போலக் கட்டிய மாதா கெபியில், சிலையின் காலடியில் – சத்தியமாகச் சொல்கிறேன் – என் எவர்சில்வர் டப்பா! காணோம் காணோம் என்று நான் வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடிய டப்பா. மூடியில் பளிச்சென்று 'மல்லிகா'. என் கல்யாணத்துக்கு அம்மா என் பெயரை வெட்டிக் கொடுத்தது. படுபாவி, இதைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான்!

"திருவிழாவுக்கு சுண்ணாம்பு அடிக்கச் சொல்ல பொந்துல இருந்துச்சு. பேரு வெட்டிக்கீதே... யாரோ மல்லிகாம்மா வேண்டிக்கினு வெச்ச காணிக்கைன்னு இங்க கொணாந்து வெச்சோம். இப்ப ஊர்ல அல்லாரும் இதுலதான் வேண்டுதல் போடறாங்கோ."

திறந்து பார்த்தேன். தகரத்தில் ஒரு குட்டித் தொட்டில். பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று. பாதி தேய்ந்த பென்சில், யாரோ பரீட்சை எழுதியதாக இருக்கும். பாத்திரத்தில் பெயர் இருந்தால் உபயம் என்று நம்புகிற ஊர் நம்முடையது. கோயில் டியூப்லைட்டிலேயே பெயர் எழுதுகிறவர்கள் ஆயிற்றே நாம்!

அந்த மல்லிகா நான்தான் என்று ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. ஹேண்ட்பேக்கைத் துழாவி ஒரு சாவியை எடுத்தேன். எங்கள் வீட்டுச் சாவி, விக்கியுடையது. ஏர்போர்ட்டில் என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து பேக்கிலேயே கிடக்கிறது. அதை டப்பாவுக்குள் வைத்தேன்.

"சாவியா? புது ஊடு கட்டணும்னு வேண்டுதலாம்மா?"

"இல்லம்மா. பழைய வீடுதான். தெறக்கத்தான் ஆள் வரணும்."

ஸ்டெல்லா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக் கையில் கொடுத்தார்.

திரும்பும்போது ஆட்டோவில் உட்கார்ந்தபடியே விக்கிக்கு மெசேஜ் போட்டேன். 'டப்பா கிடைக்கவில்லை.'

உடனே போன். "நல்லா தேடினியாம்மா?"

"நல்லாத்தான் தேடினேன். நீ வெச்சது, உனக்குத்தானே தெரியும்? நீயே வந்து தேடு."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம். அப்புறம் மெதுவாக, "டிசம்பர்ல லீவு கேட்டுப் பாக்கறேம்மா" என்றான்.

பிள்ளையை வரவழைக்க நெஞ்சு வலி என்று பொய் சொல்கிற அம்மாக்கள் இருக்கிறார்கள். நான் டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன். என்ன செய்வது? பார்க்க வேண்டும் போல இருக்கிறது... அவ்வளவுதான்.

ஊர் உலகமே படிக்கிற என் பத்திரிகைப் பத்தியை அவன் மட்டும் படிப்பதில்லையே என்று இத்தனை நாள் எனக்கு மனத்தாங்கல். மாதாவே, டிசம்பர் வரைக்கும் அவன் படிக்காமலே இருக்கட்டும்!