லிஃப்ட்டுக்குள் இளவரசி, வெளியே சூனியக்காரி

"மெக்கானிக் எங்கம்மா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அவள் பையை இறக்கி வைத்து, "நான்தான்" என்பாள். அதற்கப்புறமும் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், ஆம்பளை யாராவது படியேறி வருகிறானா என்று. "பின்னாடி யாரும் இல்லீங்க. முழு உருப்படியும் இதுதான்" என்பாள். இருபது வருஷமாக இதே கூத்து.

ஊரில் லிஃப்ட் அக்கா என்றால்தான் தெரியும். லிஃப்ட் கம்பெனியில் தரை கூட்டத்தான் சேர்ந்தாள். டார்ச் பிடிக்க ஆள் இல்லாத ஒருநாள் டார்ச் பிடித்தாள். டார்ச் பிடித்தவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், கொடுத்தவள் ஒருநாள் தானே முடுக்கினாள். பார்க்க லட்சணம் என்று சொல்ல முடியாது. வெல்டிங் பொறி தெறித்து வலது கன்னம் சுருங்கிக் கிடக்கும். முன்பல் ஒன்று இல்லை. குரல் எண்ணெய் காணாத கீல் மாதிரி. தலைக்குச் சாயம் பூசச் சொன்னால், "மூஞ்சியைக் காட்டியா லிஃப்ட்டை ஓட்டறேன்?" என்று கேட்பாள்.

அந்த மூஞ்சியே ஒருநாள் குறுக்கே வந்து நின்றது.

நாலு மாடிப் பழைய கட்டடம். ஸ்கூல் விட்டு வந்த ஆறு வயசுக் குழந்தை, அம்மா கேட் அருகே விட்ட பையை எடுக்கத் திரும்பிய நேரம், தானாக லிஃப்ட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்திப் பொத்தானை அமுக்கிவிட்டது. கரண்ட் போனது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றது லிஃப்ட். கரண்ட் திரும்பி வந்தும் அது அசையவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். கூட வந்த உதவியாள் ஒல்லியை நேரே மொட்டை மாடி மெஷின் ரூமுக்கு அனுப்பிவிட்டு, இரண்டாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்தாள். லிஃப்ட்டின் தரை அவள் நெஞ்சு உயரத்தில் நின்றது. மடக்குக் கம்பிக் கதவுக்கு உள்ளே இரண்டு சின்ன ஷூ, அதற்கு மேலே அழுது வீங்கிய முகம், தலையில் காகிதக் கிரீடம்.

"கண்ணு, பயப்படாதே. நான் வந்துட்டேன்" என்றாள் அக்கா, தன்னால் முடிந்த மெல்லிய குரலில்.

குழந்தை அவளைப் பார்த்தது. அடுத்த நொடி கட்டடமே அதிரக் கத்தியது. "சூனியக்காரி! அம்மா, சூனியக்காரி வந்துட்டா!"

பின்னாலேயே ஏறி வந்த கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குழந்தையின் அம்மாவுக்கு முகம் செத்துப்போனது. "மன்னிச்சுக்கங்க. ஸ்கூல்ல கதை நாடகம். இவதான் இளவரசி. புஸ்தகத்துல அந்தக் கிழவிக்குப் பல்லு இருக்காது, அதான்…"

"பரவால்லைங்க. நீங்க மூணாம் மாடிக்குப் போங்க. லிஃப்ட் அங்கதான் வரும், நீங்கதான் அவளை வாங்கணும்."

"கம்பியை விரிச்சு இப்படியே இறக்கிடலாமேக்கா?" என்றான் பக்கத்தில் நின்ற வாட்ச்மேன். வாட்டசாட்டமான ஆள், மீசை முறுக்கு, தோளில் பட்டை வைத்த சட்டை.

"இறக்கலாம். கால் ஒண்ணு தவறினா லிஃப்ட்டுக்கு அடியில இருக்கிற பள்ளத்துல நேரா அடிமட்டம். நீ போய்ப் பொறுக்கிட்டு வருவியா?"

அவன் இரண்டடி பின்வாங்கினான்.

வேலை இதுதான். மேலே ஒல்லி பிரேக்கைத் தளர்த்திச் சக்கரத்தைக் கையால் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒரு பொடிசுதான் இருக்கிறது, அதனால் கயிற்றின் மறுமுனையில் தொங்கும் எடை இழுத்து லிஃப்ட் தானாக மேலே போகும். ஒரே ஒரு ஆபத்து. அந்தக் கம்பி இடுக்கில் பெரியவர் விரல்தான் நுழையும். குழந்தையின் கையோ முழங்கை வரை நுழையும். கை வெளியே நீட்டியிருக்கும்போது லிஃப்ட் ஏறினால், மூன்றாம் மாடித் தரையின் சிமெண்ட் விளிம்பு கத்தரிக்கோல் மாதிரி வந்து உட்காரும்.

"கண்ணு, பின்னாடி போய்ச் சுவரோட ஒட்டி நில்லு. கையைக் கட்டிக்கோ. ரெண்டே நிமிஷம்."

"நீ பொய் சொல்றே. நீ என்னைப் பூட்டி வச்சிருக்கே!"

"நான் பூட்டலைடி, திறக்க வந்தவடி."

"கிழவியும் அப்படித்தான் சொல்லுவா!"

கடைசியில் அழுது களைத்துக் குழந்தை தானாகவே சுவரோரம் சரிந்தது. கை உள்ளேதான் இருந்தது. நல்ல நேரம் என்று அக்கா போனில், "ஒல்லி, விடு" என்றாள். லிஃப்ட் முனகிக்கொண்டு மேலே நகர்ந்தது.

அந்த நேரம் பார்த்து வாட்ச்மேனுக்குப் புத்தி வேலை செய்தது. அக்காவைத் தோளால் ஒதுக்கி முன்னால் வந்து நின்றான். "இளவரசி! நான்தான் இளவரசன், உன்னைக் காப்பாத்த வந்திருக்கேன்! கையைக் குடு!"

கதையில் இளவரசிக்கு இருக்கும் வேலையே அது ஒன்றுதான். குழந்தை எழுந்து ஓடி வந்து இரண்டு கையையும் கம்பிக்கு வெளியே நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்து! ஒல்லி, நிறுத்து!"

லிஃப்ட் உதறி நின்றது. பிஞ்சு மணிக்கட்டுக்கும் சிமெண்ட் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்.

"யோவ், கையை விடுய்யா!" வாட்ச்மேன் விட்டுவிட்டான். குழந்தை விடவில்லை. கம்பியோடு நெஞ்சை ஒட்டி இன்னும் நீட்டியது. "மாமா, போகாதீங்க! அவ என்னைத் தின்னுடுவா!"

"உள்ள இழு கண்ணு! கையை உள்ள இழு!" அக்கா கத்தக் கத்த அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. சூனியக்காரி சொல்வதற்கு நேர் எதிராகச் செய்வதுதானே நல்ல பிள்ளைக்கு அழகு.

போனில் ஒல்லியின் குரல் திணறியது. "அக்கா, பிரேக் கட்டை தேஞ்சு போச்சு. நிக்க மாட்டேங்குது, வழுக்குது. சக்கரத்தைக் கையால புடிச்சிருக்கேன், ரொம்ப நேரம் தாங்காது."

ஒரு சாண் இருந்தது அரைச் சாண் ஆனது. அவள் கண்ணெதிரே, கசிகிற தண்ணீர் மாதிரி லிஃப்ட் ஏறிக்கொண்டிருந்தது.

"சொல்லுய்யா, பின்னாடி போகச் சொல்லு!" என்று வாட்ச்மேனை உலுக்கினாள். இளவரசனுக்கு அதற்கு மேல் வசனம் கிடையாது.

சின்ன வயசில் தெருப் பிள்ளைகள் விளையாடும்போதெல்லாம் ராட்சசி வேஷத்தை இவளுக்குத்தான் கொடுப்பார்கள். வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். இப்போது யாரும் கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டாள்.

கிரீஸ் அப்பிய இரண்டு கையையும் விரித்து, ஓட்டைப் பல் தெரிய வாயைப் பிளந்து, எட்டிப் பாய்ந்தாள். "ஆமாடி! நான் சூனியக்காரிதாண்டி! முதல்ல உன் கையைத்தான் கடிச்சுத் தின்னப் போறேன்!"

குழந்தை வீரிட்டது. இரண்டு கையும் வெடுக்கென்று உள்ளே போயின. பின்சுவரில் முதுகு மோத மூலையில் சுருண்டு, கையை வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டது.

"விடு ஒல்லி! விட்ரு!"

லிஃப்ட் சிமெண்ட் விளிம்பைத் தாண்டி மேலே போய், ஒல்லி சக்கரத்தை மறுபடி இறுக்கிப் பிடிக்க, உதறி நின்றது. மூன்றாம் மாடியில் கதவு திறக்கும் சத்தம். அப்புறம் ஒரு தாயின் அழுகை.

அக்கா படியேறிப் போனபோது அவளுக்கு முன்னால் வாட்ச்மேன் போய்ச் சேர்ந்திருந்தான். அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை அவளைப் பார்த்ததும் விரலை நீட்டியது. "மாமா, அவ வந்துட்டா. கொன்னுடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் கையை ஓங்கினாள்.

"அடிக்காதீங்கம்மா" என்று அக்கா தடுத்தாள். "அவ படிச்சது அப்படி." பிறகு குழந்தையிடம், "கொல்லட்டும். அப்புறம் இந்த லிஃப்ட்டை யாரு சரி பண்றது? உங்க இளவரசருக்குத் தெரியுமான்னு கேளு."

குழந்தை திரும்பியது. "தெரியுமா மாமா?"

வாட்ச்மேன் பிடரியைச் சொறிந்தான். "பல்பு மாத்துவேன்."

குழந்தை யோசித்தது. "அப்ப அவ சரி பண்ணட்டும். அப்புறமாக் கொல்லுங்க."

மறுபடி சிரிப்பு. அக்கா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு மெஷின் ரூமுக்கு ஏறினாள். ஒல்லியின் இரு உள்ளங்கையும் தோல் உரிந்திருந்தது. துணியைக் கிழித்துக் கட்டிவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கி, பிரேக்கைக் கழற்ற உட்கார்ந்தாள்.

லிஃப்ட் குழி கீழே பேசுவதையெல்லாம் மேலே கொண்டுவரும். குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அம்மா, கையைத் தின்னப் போறேன்னு சொன்னாளே. ஏன் தின்னலை?"

அக்கா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியலடி" என்றாள் அம்மா. "மேலதான் இருக்காங்க. வேணும்னா போய்க் கேளு."

படியில் சின்னக் காலடி கேட்டது. பாதியில் நின்றது. வெகுநேரம் நின்றது. அப்புறம் மறுபடி கேட்டது.

"அக்கா, யாரோ வராங்க" என்றான் ஒல்லி.

"வரட்டும். அங்க எண்ணெய் சிந்திக் கிடக்கு பாரு, வழுக்கும். சீக்கிரம் துடை."