மரக்காணத்தில் ஊளையிட்ட அறை

2006 மே மாதம், போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் மரக்காணம் போனேன். அழைத்தவன் கல்லூரியில் எனக்கு இளையவன். எனக்கு வரவேண்டிய மேலாளர் நாற்காலியில் இன்று அவன். அவனுடைய இறால் தொழிற்சாலையில், வேகவைத்த இறாலைப் பொட்டலமிடும் சுத்த அறை இரண்டு முறை கிருமிச் சோதனையில் தோற்றிருந்தது. மூன்றாவதும் தோற்றால் நிரந்தரமாக மூடிவிடுவார்கள். நுண்ணுயிரியல் படித்தவனுக்குப் புதிரை விட மனம் வருமா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ நாற்பது ரூபாய்.

"எறா கம்பெனிங்களா? ரூமைப் பூட்டி பொம்பளைங்களை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க சார். என் சம்சாரம் ஸ்டெல்லாவும் அங்கதான். கேட்டாண்டயே உக்காந்துனு இருக்குது," என்றார் ஓட்டுநர்.

மேலாளர் குளோரின் கணக்கை ஒப்பித்தான். தினமும் நான்கு முறை கழுவுகிறானாம். எனக்குக் காற்றின் மேல்தான் சந்தேகம். இத்தகைய அறைக்குள் வடிகட்டிய காற்றை அழுத்தி விடுவார்கள். அது இடுக்குகள் வழியே வெளியேறிக்கொண்டே இருப்பதால் வெளித்தூசி உள்ளே நுழையாது. ஊதுவத்தி ஏற்றி வெளியிலிருந்து கதவிடுக்கில் பிடித்தேன். புகை என் முகத்தில் அடித்தது. சரி. தட்டுகளை உள்ளே தரும் ஜன்னலின் அடியில் பிடித்தேன். புகை நேராக நின்றது; அங்கே காற்று வெளியே வரவில்லை.

சட்டத்தைக் கழற்றினால், உள்ளே மடித்துத் திணித்த துணி. கருத்து, புளித்த வாடை. கழுவக் கழுவ அதில் வளரும் கிருமிக்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறான்!

"யாரும்மா இதை அடைச்சது?" என்று, கேட்டருகே உட்கார்ந்திருந்த ஸ்டெல்லாவை உள்ளே வரவழைத்துக் கத்தினான் மேலாளர்.

"நாங்கதான் சார். காத்து ஊளையிடுது, ஷிப்ட் முழுக்க காதுக்குள்ள பூச்சி பூந்தாப்ல. ஏசி ரூம்ல குந்தினு இருந்தா உங்களுக்கு எப்டி கேக்கும்?" என்றாள் ஸ்டெல்லா.

துணியை எரித்து, சட்டத்தைச் சுத்தம் செய்து, மறுபடி மாதிரி எடுத்தோம். இரண்டு நாள் புதுச்சேரியில் தங்கினேன். மூன்றாம் நாள் சோதனைத் தட்டுகளில் கிருமி ஒன்றும் முளைக்கவில்லை. தானே கண்டுபிடித்ததாக மேலாளர் தொலைபேசியில் முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தான். எதிர்பார்த்ததுதான்.

மரக்காணம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் ஊரைச் சுற்றியுள்ள உப்பளத்து வெள்ளை கண்ணைக் குத்தும். தொப்பி அவசியம். இதே தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: விசிலடிக்கும் அறையை நம்புங்கள், அமைதியான அறையைத் திறந்து பாருங்கள்.

கிளம்பும்போது வேலை தொடங்கியிருந்தது. ஜன்னல் ஊளையிட்டது. "காதுக்கு அடைப்பான் கேளும்மா," என்றேன்.

"கேக்கறேன் சார். அதுவரைக்கும் ஊளையிடட்டும். கம்பெனி மூடிக்கினா சோறு ஏது?" என்று முகமூடியை இழுத்துவிட்டு உள்ளே போனாள் ஸ்டெல்லா.