கணக்கில் வராத கஞ்சித் தண்ணீர்

அந்தத் தெருவில் அவளுக்குக் கவுனிக்காரம்மா என்று பெயர். கருப்புக் கவுனியில் ஆரம்பித்து, பாலிஷ் போடாத பழைய அரிசி வகைகள் மட்டுமே விற்கிற கடை அவர்களுடையது. அரிசியை நிறுத்துக் கொடுத்தது புருஷன். விற்றது அவளுடைய வாய்.

குறுகலான கடை. இரண்டு பக்கமும் மூட்டைகள், நடுவில் ஒரு ஆள் நுழைகிற வழி, பின்னால் வீடு. வாசலோரம் ஒரு அடுப்பில் எப்போதும் கஞ்சி கொதிக்கும். வருகிறவர்களுக்கு முதலில் ஒரு டம்ளர் கஞ்சி, பிறகுதான் பேச்சு. சர்க்கரைக்குக் காட்டுயானம், பிள்ளை பெற்றவளுக்குப் பூங்கார், மூட்டு வலிக்குக் கருங்குறுவை, தெம்புக்கு மாப்பிள்ளைச் சம்பா. கேட்டவர்களுக்கும் சொல்வாள், கேட்காதவர்களுக்கும் சொல்வாள். ஒரு இளவட்டம் வந்து மாப்பிள்ளைச் சம்பா கேட்டால், "கல்யாணம் ஆயிடுச்சா?" என்பாள். இல்லை என்றால், "ஆனதும் வா. இப்ப சாப்பிட்டா வீணாத்தான் போகும்" என்று அனுப்பிவிடுவாள். அடுத்த மாதம் அவனே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வருவான்.

அவளுக்கும் சர்க்கரை இருந்தது. காட்டுயானம் சாப்பிட ஆரம்பித்ததும் உடம்பு லேசாக இருந்ததாம். அதோடு மாத்திரையை விட்டாள், ரத்தப் பரிசோதனையையும் விட்டாள். உடம்பு லேசாக இருப்பதும் சர்க்கரை குறைவதும் ஒன்றல்ல. கால் வீங்கி, செருப்பு நுழையாமல் போனபோது ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ். வெளியூரில் இருந்த மகள் என்னைப் பிடித்து வீட்டு நர்ஸாக வேலைக்கு வைத்தாள். எடை பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, உடம்பு துடைப்பது, திட்டு வாங்குவது, இவ்வளவுதான் என் வேலை.

முதல் நாளே கவுனிக்காரம்மா சொல்லிவிட்டாள். "அக்கா, நான் சாகறதா இல்ல. திரும்பவும் அந்தக் கல்லாவுல உக்காரணும். என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"சொன்னபடி கேப்பியா?"

"மொதல்ல சண்ட போடுவேன். அப்புறம் கேட்டுடுவேன். வேணும்னா இவர விசாரிச்சுப் பாருங்க."

புருஷன் தலையாட்டினார். அதிகம் பேசாத மனிதர்.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன். தவிட்டோடு இருக்கிற அரிசியில் சத்து அதிகம். அந்தச் சத்தில் மிச்சப்பட்டதை வெளியே தள்ளச் சிறுநீரகம் வேண்டும். உனக்கு அது இல்லை. அதனால் வெள்ளை அரிசி, அதையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்து, கொஞ்சமாக. தண்ணீருக்கு ஒரு பாட்டில். ஒரு நாளுக்கு அந்தப் பாட்டில்தான், டீ குடித்தாலும் அதிலிருந்து அவ்வளவைக் கொட்டிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை. வெள்ளை அரிசிக்குத்தான் சண்டை. கடைசியில் இறங்கி வந்து, "வேற தெருவுல வாங்குங்க அக்கா. பையில துண்டுக்கு அடியில வெச்சு எடுத்துட்டு வாங்க. கவுனிக்காரி வீட்டுல வெள்ளச் சோறுன்னு தெரிஞ்சா, கசாப்புக் கடைக்காரன் வீட்டுல கத்திரிக்கா வெந்த மாதிரி ஊரே சிரிக்கும்" என்றாள்.

புருஷன் அந்த அரிசியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது அரிசி இல்ல நர்ஸம்மா. அரிசியோட எலும்பு" என்றார். தடுக்கவில்லை. கத்துகிற ஆண்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். இவர் கத்தவே இல்லை.

சோற்றை அவள் விழுங்கிவிட்டாள். தாகத்தைத்தான் விழுங்க முடியவில்லை. டயாலிசிஸ்காரர்களின் தாகம் வெயிலில் நடந்து வருகிறவனின் தாகம் இல்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டில் குழாய் திறக்கிற சத்தம் கேட்டால் பேச்சு நின்றுபோகும். அப்படியும் பாட்டிலை அவள் தாண்டவில்லை. மாலையில் அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து, "பாத்தீங்களா" என்று எனக்குக் காட்டுவாள்.

ஆனால் எடை ஏறியது. டயாலிசிஸ் நிலையத்தில் எடை மேடையில் ஏறும்போதெல்லாம் ஏறியது.

அங்கே மிஷின் பார்க்கிற பையன், "அம்மா, திருட்டுத்தனமா குடிக்கிறீங்களா?" என்றான். "இவ்வளவு தண்ணிய ஒரே தடவையில உருவ முடியாதும்மா."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இதயம் ஏற்கெனவே வீங்கியிருக்கிறது, இதே மாதிரி போனால் ஒரு நாள் நின்றுவிடும் என்றார். நான் அதை மூடி மறைக்காமல் அவளிடம் சொன்னேன்.

திரும்பும் வழியெல்லாம் அவள் புலம்பினாள். "நான் திருடிக் குடிச்சேனாம் அக்கா. அந்தப் பொடியன் கேக்கறான். என் பொண்ணு மேல சத்தியமா பாட்டில நான் தாண்டல."

குளியலறைக் குவளையைப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். ஒன்றுமில்லை. அவள் பொய் சொல்கிறவள் இல்லை என்பதும் தெரிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

காலையில் போய் மாலையில் திரும்புவது என் வழக்கம். ஒரு நாள் வழக்கத்தைவிட முன்னாலேயே போய், பின்வாசல் வழியாக நுழைந்தேன். புருஷன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் முதுகை ஒரு கையால் தாங்கியிருந்தார். இன்னொரு கையில் சொம்பு. அவள் கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி இது?"

"கருங்குறுவைக் கஞ்சித் தண்ணி. தவிடு போட்டுக் காய்ச்சினது."

"தினமுமா?"

"காலையில ஒரு சொம்பு. சாயந்திரம் நீங்க போனதும் ஒரு சொம்பு." அவர் எதையும் மறைக்கவில்லை. என்றைக்குக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

"நான் தண்ணிய மூடியால அளந்து குடுக்கறேன். நீங்க சொம்புல ஊத்தறீங்க."

"இது தண்ணியா? மருந்துங்க. மாத்திரைய யாராவது சோத்துக் கணக்குல சேப்பாங்களா?"

அவள் சொம்பை வாயிலிருந்து எடுத்தாள். "அக்கா, இதுவும் கணக்கா?"

"வயித்துக்குள்ள போறது எல்லாமே கணக்குதான். இதுல தவிடு வேற. அந்த அரிசிய எதுக்கு வேண்டாம்னு சொன்னேனோ, அதத்தான் கரைச்சுக் குடிச்சிருக்க."

அவள் சொம்புக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டாள் இல்லை அவள். அந்தக் கடையில் கஞ்சித் தண்ணீரை யாரும் தண்ணீர் என்று சொல்லிக் கேட்டதில்லை. காய்ச்சல்காரனுக்கும் அதுதான், வயிற்றுப்போக்குக்கும் அதுதான். மருந்து என்றே கொடுத்துப் பழகிய வீட்டில், அவளும் அதை மருந்தாகவே குடித்திருக்கிறாள்.

"இது ஒண்ணுதாங்க வாய்க்கு இதமா இருந்துச்சு" என்றாள் புருஷனிடம்.

"அதனாலதான் குடுத்தேன்."

அவர்கள் போட்ட சண்டை அவ்வளவுதான். அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் மிச்சத்தைத் தொட்டியில் கொட்டினாள். அவர் கடைக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். வந்தவர்கள் விலை கேட்டுப் பதில் கிடைக்காமல் திரும்பிப் போனார்கள்.

அதன் பிறகு கஞ்சி உள்ளே வரவில்லை. எடை இறங்கியது. ஆனால் இதயம் எடை மேடையைப் பார்த்துத் திருந்துகிற சாமான் இல்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தேன்.

"இப்படியே ஒழுங்கா இருந்தா இதயம் பழையபடி ஆயிடுமா அக்கா?"

"தெரியல."

"ஒரு பொய்யாவது சொல்லுங்களேன்."

"அதுக்கு வேற ஆளு வெச்சுக்க."

சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமலில் நுரை வந்தது. புருஷன் வண்டி பிடிக்க ஓடினார். நான் அவளை நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்தேன். வண்டியில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. "விடாதீங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். ஆஸ்பத்திரியில் மிஷினை இழுத்துவந்து பக்கத்தில் நிறுத்தினார்கள். குழாயை மாட்டும் முன்பே இதயம் நின்றுவிட்டது. நெஞ்சை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு கையை எடுத்தார்கள். முகத்தைத் துடைத்து, வாயை மூடி, தாடையைத் துணியால் கட்டினேன். அதுவும் என் வேலைதான்.

ரத்த அழுத்தம் பார்க்கிற என் கருவி அந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து எடுத்துவரப் போனேன். வாசல் அடுப்பு எரியவில்லை. அவர் கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். கொடுத்த பிறகும் பெட்டியை விடவில்லை.

"அதனாலதானா நர்ஸம்மா?"

"அதனாலயும்தான். சர்க்கரையப் பாக்காம விட்டது முக்கால்வாசி. கஞ்சி மீதி."

கையை எடுத்தார்.

அப்போது ஒரு பெண் கடைக்குள் வந்தாள். அப்பாவுக்குக் கால் வீக்கமாம், சோர்வாம், கருங்குறுவை நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அவர் தராசுத் தட்டில் அரிசியைக் கொட்டிவிட்டு நின்றார்.

"மூத்திரம் ஒழுங்கா போறாராம்மா?"

"கொறஞ்சு போச்சுங்க. கிட்னி கொஞ்சம் வீக்குன்னு டாக்டர் சொன்னாரு. அதுக்குத்தான் கேக்கறேன்."

தட்டை எடுத்து அரிசியை மூட்டைக்குள்ளேயே திரும்பக் கொட்டினார். "அவருக்கு இது வேண்டாம். கஞ்சியா வெச்சும் குடுக்காதீங்க."

"நல்லதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க?"

"நல்லதுதான். அவருக்கு இல்ல."

அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். விற்க மனமில்லாத கடைக்காரர் என்று நினைத்திருப்பாள்.

"எதிர்க் கடையில கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்றார் அவர்.

அவள் பையை மடக்கிக்கொண்டு தெருவைத் தாண்டினாள். நான் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினேன்.