கசிய வேண்டிய கொரம்பு

நான் ஓவர்சியராகச் சேர்ந்த வருஷம் குற்றாலத்தில் சாரல் பிந்திவிட்டது. தென்காசிக்கு மேற்கே ஒரு சின்ன ஓடை என் பொறுப்பில் இருந்தது. ஓடை சின்னது, தொல்லை பெரிது.

மேலூர்க்காரர்கள் வருஷாவருஷம் அதன் குறுக்கே கல், தழை, மணல் போட்டுக் கொரம்பு கட்டித் தண்ணீரைத் தங்கள் வாய்க்காலுக்குத் திருப்புவார்கள். களிமண் மட்டும் வைக்கக்கூடாது. கொரம்பு கசிய வேண்டும். அந்தக் கசிவில்தான் கீழூர் வயல் விளையும். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம்.

எங்கள் எஞ்சினியருக்குக் கசிவென்றாலே எரிச்சல். கொரம்பை எடுத்துவிட்டுக் காரைச் சுவர் கட்டச் சொன்னார். கட்டினோம். கீழே ஒரு சொட்டுப் போகவில்லை. அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

சில நாளில் கீழூர் பேச்சியம்மாள் வந்தார். புருஷன் இல்லாதவர், இருப்பது ஒரே வயல். கையில் பழுத்துப்போன நாற்று.

"தண்ணி இல்லேன்னா நாத்து அம்புட்டும் போச்சுய்யா. பிள்ளைகளுக்கு என்னத்த வடிப்பேன்?"

"எஞ்சினியர் தொரை உத்தரவு இல்லாம நான் என்னம்மா செய்ய?"

"தொரைக்கா பசிக்கி?"

எஞ்சினியர் தங்கியிருந்த குற்றாலம் பங்களாவுக்கு ஓடினேன்.

"கொஞ்சம் கசிய விடலாம் சார்."

"லீக் வேணும்னு கேக்குற ஓவர்சியர் நீர் ஒருத்தர்தான் ஓய். கிணறு வெட்டிக்கச் சொல்லும்."

ஓடைக்குத் திரும்பினேன். சுவர்மேல் மேலூர் மாடசாமி அண்ணாச்சி கடப்பாரையோடு நின்றார். தண்ணீர் முழுக்க அவர் ஊருக்குத்தானே போகிறது? எனக்குப் புரியவில்லை.

"கொரம்புன்னா வெள்ளத்துல தானா போயிரும் தம்பி. இது போவாது. வெள்ளம் எங்க வயக்காட்டுக்குள்ளதான் ஏறும். கீழூருக்காரனும் காயுதான். யாருக்கு இந்தச் சுவரு?"

"சர்க்கார் சுவர ஒடைச்சா உங்களப் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க. கடப்பாரைய இங்கன தாங்க."

நானே இடித்தேன். உச்சி வெயில். நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு வழி விட்டேன். அந்த இடத்தில் அண்ணாச்சி ஆட்கள் கல்லும் தழையும் வைத்தார்கள். தண்ணீர் கசிந்து கீழே இறங்கியது.

"யார் ஒடைச்சது?" என்றார் எஞ்சினியர்.

"நான்தான் சார்."

சிவகிரிக்கு மாற்றிவிட்டார். பேச்சியம்மாள் நாற்று பிழைத்தது.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். ஓடையை அடைத்தால், அடைத்த இடத்திலேயே நின்று அழகு பார்க்காதீர்கள். கீழே நடந்து போங்கள். அங்கே யாராவது நாற்றுப் பாவியிருப்பார்கள்.