மூன்று விரல் திருநீறு

அன்னூரில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள்தான் முதலில் வந்து பேசினார். கணவரை இழந்தவர். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் தனியாக இருந்தார். மகனுக்குப் பெருந்துறையில் தொழில். முருங்கைக்காயை மதில்மேல் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். புதன்கிழமை மாலைகளில் சபையார் பத்துப் பேரை அழைத்து வீட்டில் ஜெபம் நடத்தத் தொடங்கினோம். அதோடு முருங்கைக்காயும் கூப்பிடுவதும் நின்றுபோயின.

"ஏனுங்க, ஊட்டையே கோயிலாக்கிப்போட்டீங்களா?" என்று ஒருநாள் மதிலுக்கு அப்பாலிருந்து கேட்டார். அடுத்த வாரம் போலீஸ்காரர்கள் இருவர் வந்தார்கள். புகார் வந்திருப்பதாக மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஜெபத்தைத் தேவாலயத்துக்கு மாற்றிக்கொண்டோம். புகார் கொடுத்தது மகன் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அதன்பின் இரண்டு வருடம் அந்த வீட்டோடு பேச்சில்லை. தினமும் அந்த அம்மாளுக்காகவும் ஜெபித்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த இடம் வந்ததும் கடமைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வேகமாகக் கடந்துவிடுவேன்.

ஒருநாள் காலை பத்து மணியாகியும் அவர் வாசலில் பால் பாக்கெட் கிடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். சமையலறையில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர் வரை நான்தான் கூடப் போனேன். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

வீடு திரும்பியபின் வேலைக்கு வைத்த பெண் ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள். மகன் இரவில் வந்து தங்கி விடியும்போதே பெருந்துறைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. வேறு ஆள் கிடைக்கும்வரை காலையில் நான் வருகிறேன் என்று சொன்னேன்.

முதல் நாள் குளிப்பாட்டி, தலை துவட்டி உட்காரவைத்தேன். அவர் சாமி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மணி, கொஞ்சம் துன்னூறு வெச்சுடறீங்களா?" நாக்கு குழறியது. "எடது கையில வெக்கக்கூடாதுங்க."

நான் அப்படியே நின்றேன். பக்கத்து வீட்டார் கொடுக்கும் பிரசாதத்தைக்கூட வாங்காத வீட்டில் வளர்ந்தவள் நான். ஆண்டவரே, இது சரியா என்று மனதுக்குள் கேட்டேன். அவர் கண்ணை மூடி, நெற்றியைக் காட்டியபடி காத்திருந்தார். மூன்று விரலால் திருநீறை எடுத்துப் பூசினேன். கோணலாக வந்தது.

"மொதத் தடவையாக்கும்?"

"ஆமாங்க."

முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோனார். சபையில் எனக்கு நெருங்கிய தோழி ஒருத்தி, "நீ செஞ்சது பாவம்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஆயரிடமே போய்க் கேட்டேன். "என்னால செய்ய முடிஞ்சிருக்காதுங்கம்மா. ஆனா தப்புன்னு சொல்லவும் எனக்கு வாய் வரல" என்றார்.

ஒருநாள் இட்லி ஊட்டும்போது அந்த அம்மாள் என் கையைத் தடுத்தார். "அன்னைக்கு போலீசுல சொன்னது எம்மவன் இல்லீங்க. நாந்தேன்."

தட்டைக் கழுவி வைத்தேன். வீட்டுக்கு வந்துவிட்டேன். பகல் முழுக்கக் கோபம். வந்த போலீஸ்காரர்கள் முன்னால் என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றதே திரும்பத் திரும்பக் கண்ணுக்குள் வந்தது. போகவே கூடாது என்றுதான் படுத்தேன். காலையில் அவர் குளிக்காமல், பசியோடு கிடப்பார் என்ற நினைப்பு வந்தது. போனேன். மன்னித்துவிட்டுப் போகவில்லை. வெந்நீர் வைத்து, தலைக்கு ஊற்றி, அந்த நெற்றியில் பூசும்போதுதான் கை கொஞ்சம் இளகியது.

"வரமாட்டீங்கன்னு நெனச்சேன்" என்றார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேனுங்க."

நான்கு மாதம் கழித்து மகன் அவரைப் பெருந்துறைக்குக் கூட்டிப்போனார். இரண்டு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இரண்டாவது முறை அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. மருமகளிடம், "இவீங்க ஆருங்க?" என்று கேட்டார். பக்கத்து வீடு என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாடு ஊட்டி முடியும்வரை இருந்துவிட்டு வந்தேன்.