ஒடெரா விட்ட புள்ளி

வில்கிஸ்டா அபோண்டிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். கரையில் காயப்போட்டிருக்கும் ஓமெனா என்னும் பொடிமீன்மேல் குனிந்து, அதில் கலந்து கிடக்கும் மணலையும் சிப்பியையும் பொறுக்க ஆரம்பித்துவிடுவாள். டாக்டர் ஒபுயாவின் கட்டுரை கைக்கு வந்த அன்று மூன்று பேசின் மீனை அப்படிப் பொறுக்கித் தீர்த்தாள்.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, ஏரிக்கரை ஊரான ஹோமா பே பக்கம் ஒருநாள் காலையில் ஏரி முழுக்க மீன் செத்து மிதந்தது. ஒரு வாரம் கழித்து வந்த அதிகாரிகள், தண்ணீர் எப்போதிலிருந்து கெட்டது என்பதற்குப் பதிவே இல்லை என்று கையை விரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அபோண்டியையும் சேர்த்து ஐந்து கரைகளைச் சேர்ந்த இருபத்து மூன்று பேர் தாங்களே அளக்கத் தொடங்கினார்கள். வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பார்கள். பாசி ஏற ஏற அந்த ஆழம் குறையும். அவர்களில் ஒருத்தியான ரிஸ்பா டீச்சர் அதற்கென ஓர் இணையப் பக்கம் திறந்தாள். யாரும் பார்க்கலாம், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே நிபந்தனை, அளந்தவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அபோண்டியின் கொழுந்தன் ஒடெராதான் அவர்களில் சளைக்காதவன். மூன்றாம் வருடம், காற்று சரியில்லை என்று எல்லோரும் தடுத்தும், திங்கட்கிழமை அளவு விட்டுப்போகக் கூடாதென்று படகை எடுத்தான். மறுநாள் படகு மட்டும் கிடைத்தது. அவன் கிடைக்க நான்கு நாளானது.

குழுவோடு பழகிவந்த பல்கலைக்கழக ஆய்வாளர் டாக்டர் ஒபுயா நகரத்திலிருந்து சாவுக்கு வந்தார். "அறிவியலுக்காக உயிரக் குடுத்தவன்" என்று கூட்டத்தில் பேசினார். உகாலிக் களியும் மீனும் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் போனார்.

எட்டு மாதத்தில் அவர் கட்டுரை வந்தது. காசு கட்டினால்தான் படிக்க முடியும். ரிஸ்பாவின் பழைய மாணவி ஒருத்தி வெளிநாட்டிலிருந்து பிரதி அனுப்பினாள். அளவுகள் எல்லாம் குழுவுடையவை. கட்டுரையில் இருந்ததோ, 'ஆசிரியரின் ஆய்வுக் குழு சேகரித்தது' என்ற ஒரு வரி மட்டும். இருபத்து மூன்று பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அளக்கத் தொடங்கிய பிறகு மறுபடி மீன் செத்த மாதங்களின் அளவுகளும் இல்லை. ஏரி தெளிவாக இருக்கிறது, இன்னும் இருநூறு மீன் வளர்ப்புக் கூண்டுகள் போடலாம் என்று முடித்திருந்தார்.

"மரியாதையா ஒரு கடிதம் எழுதுவோம்டி. திருத்திடுவாரு" என்றாள் ரிஸ்பா.

"கடிதமா? நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, செத்தவன் பேரையே அழிச்சிருக்கான். அவனுக்குக் கடிதமா?"

"அதுக்கு என்ன பண்ணப்போற?"

"இரு, பாக்குறேன்."

எட்டாம் வகுப்போடு நின்றவள் அபோண்டி. கட்டுரையின் அட்டவணையை அச்செடுத்து, மீன் வேலை முடிந்த மதியங்களில், போனில் குழுவின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரிவரியாக ஒத்துப்பார்த்தாள். பத்தொன்பது நாள். மார்ச் பதினான்காம் தேதி வரியில் விரல் நின்றது. ஒடெரா பதிந்தது. 1.3 என்று அடிக்க வேண்டியவன் புள்ளியை விட்டுவிட்டு 13 என்று அடித்திருந்தான். அந்த இடத்தில் ஏரியின் ஆழமே மொத்தம் நான்கு மீட்டர்தான். டாக்டரின் அட்டவணையிலும் 13.

ஒடெரா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். அந்தச் சிரிப்பைக் கேட்டு ரிஸ்பா பயந்துபோனாள்.

"இன்னைக்கே ஆய்விதழுக்கு அனுப்பிடலாம்டி."

"அனுப்பு, நாளைக்கு. இன்னைக்கு மீட்டிங்ல அவன் வாயால ஒரு பொய் சொல்லணும். ஊரே கேக்கணும்."

மீன் கூண்டுகளுக்கு அனுமதி தரலாமா என்று விசாரிக்க அன்று சாயங்காலம் மாவட்ட மண்டபத்தில் கூட்டம். டாக்டர் ஒபுயா திரையில் வரைபடம் காட்டிப் பேசி முடித்ததும் அபோண்டி எழுந்தாள்.

"டாக்டர், இதெல்லாம் யாரு அளந்தது?"

"என்னோட ஆளுங்கதாம்மா."

"மார்ச் பதினாலு?"

"அன்னைக்கு நானே படகுல இருந்தேன்."

"தட்டு எவ்ளோ தூரம் எறங்கிச்சு?"

அவர் தாளைப் பார்த்தார். "பதிமூணு மீட்டர்."

பின்வரிசை மீனவர்களிடமிருந்து சிரிப்பு கிளம்பியது. ஒரு கிழவர் கத்தினார்: "அங்க தரையத் தோண்டுனீங்களா டாக்டர்?"

அபோண்டி சிரிக்கவில்லை. "அத அளந்தது என் கொழுந்தன் ஒடெரா. புள்ளி வைக்க மறந்துட்டான். அவன் தப்பக்கூட நீங்க திருடிட்டீங்க. அவன் சாவுக்கு வந்து சாப்புட்டீங்களே, அந்த மீன் நான் சமைச்சது."

டாக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். குடிக்காமல் மூடினார்.

குழுவின் பக்கத்தில் ஒவ்வொரு பதிவும் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று நின்றது; ஆய்விதழுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கூண்டுகளுக்கு அனுமதி நின்றது. ஒபுயாவின் துறைத் தலைவர் பதவி போனது. கட்டுரையைத் திரும்பப் பெற்ற அறிவிப்பை அபோண்டி ஐந்து பிரதி எடுத்து ஐந்து கரைகளிலும் மீன் எடைபோடும் கொட்டகைகளில் ஒட்டினாள். மழையில் கிழிந்தபோது மறுபடியும் ஒட்டினாள்.

"போதும்டி" என்றாள் ரிஸ்பா.

"உனக்குப் போதும்."

அடுத்த வருடம் ஒபுயா மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து கரைக்கு வந்தார். கோட் இல்லை, மெலிந்திருந்தார். குழு சம்மதித்தால்தான் இனி ஆய்விதழ் ஏற்கும், கட்டுரையை மறுபடி எழுதித் தருகிறேன், எல்லார் பெயரும் வரும், ஒடெரா பெயர் முதலில் வரும், மீன் செத்த மாதங்களும் வரும் என்றார். குழு கூடியது. ஏரி கெட்ட கதை அச்சில் வந்தால் அரசாங்கம் அசையும் என்று எல்லோருக்கும் தெரியும். கைகளைத் தூக்கினார்கள். அபோண்டியின் கை மட்டும் மடியில் கிடந்தது. ஒருவர் மறுத்தாலும் குழு எதையும் செய்வதில்லை என்பது முதல் நாளிலிருந்து இருக்கும் வழக்கம்.

"ஏரிக்கு வேணும்டி இது. உன் ஒருத்தி கோவத்துக்காகவா?" என்றாள் ரிஸ்பா.

"பக்கம் தொறந்துதான் கெடக்கு. வேற யாரு வேணா எழுதட்டும். ஒடெரா பேர இவன் கையால எழுதக் கூடாது."

ஒபுயா அவளைப் பார்த்தார். "அபோண்டி, நான் மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டுட்டீங்கல்ல? வண்டிக்காரன் காத்துக்கிட்டிருக்கான்."

அந்த வருடம் கட்டுரை எதுவும் வரவில்லை. ரிஸ்பா மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டவர்களிடமெல்லாம் அபோண்டி இல்லை என்றே சொன்னாள். அது உண்மையும்கூட.