அக்கா சுட்ட ஐந்தாவது தோசை

நினைவு மலரில் எழுதுகிறவர்கள், மறைந்தவர் சாந்தமே உருவானவர், அதிர்ந்து பேசாதவர் என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். என் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால் அவரே எழுந்து வந்து என் முதுகில் ஒன்று வைப்பார். அக்கா அடிக்கிறவர். கையில் கிடைத்ததால் அடிப்பார். ஒன்றும் கிடைக்காவிட்டால் கையாலேயே அடிப்பார். இந்த மலரைப் பெறுகிறவர்களில் பாதிப் பேராவது அந்தக் கையின் கனத்தை அறிந்தவர்கள். உலகச் சண்டை நடக்கிற காலம், காகிதத்துக்குத் தட்டுப்பாடு. எட்டுப் பக்கத்துக்கு மேல் ஆகாது என்று அச்சுக்கூடத்தார் சொல்லிவிட்டார்கள். ஆகவே அக்காவின் வாழ்க்கையில் ஒரே ஒரு காலைச் சாப்பாட்டைப் பற்றித்தான் விரிவாக எழுதப்போகிறேன். அதை எழுத எனக்குக் காரணம் இருக்கிறது.

அக்கா பிறந்தது கொல்லிமலை எடப்புளி நாட்டில். மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அம்மா என்னைப் பெற்ற சூட்டோடு போய்ச் சேர்ந்தார். அப்பா காய்ச்சலில் போனார். பத்து வயது மூத்தவரான அக்காதான் எனக்குச் சோறூட்டினார், குளிப்பாட்டினார், வெளுத்தும் வாங்கினார். எனக்குப் படிப்பு வருகிறது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒரு மூட்டை மிளகைத் தலையில் வைத்துக்கொண்டு என்னை அடித்து ஓட்டியபடியே காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினார். அங்கே மிளகு வியாபாரம் செய்த சாயபு தம் கடையிலேயே என்னைத் தங்கவைத்துப் பள்ளிக்கு அனுப்பினார். இன்று நான் வாத்தியார் என்று பேர் சொல்லித் திரிவது அந்த அடியால்தான்.

அதற்கும் முன்னால், நிலம் அளக்க ஒரு வெள்ளைக்காரத் துரை மலைக்கு வந்து கூடாரம் போட்டிருந்தபோது, அக்கா அங்கே தண்ணீர் சுமந்தார். துரைக்குக் காலையில் மாவைக் கரைத்து வார்த்த ஒரு பணியாரமும், தகரடப்பாவில் வந்த உப்புப் பன்றிக்கறியும் வேண்டும். சமையல்காரர் சேலத்துக்காரர், சாது. ஒரு நாள் டப்பா தீர்ந்துபோனது. துரை பிரம்பை எடுத்து அவரை விளாசியதில் காது கிழிந்து சட்டையெல்லாம் இரத்தம். அக்கா குடத்தை இறக்கிவைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். எங்கள் அடுப்புக்கு மேலே பரணில் உப்பிட்டுப் புகையில் காய்ந்துகொண்டிருந்த காட்டுப்பன்றியின் கொழுப்பு வாரை, நீளமாக அறுத்த துண்டை, எடுத்து வந்து, மெல்லிசாக அரிந்து, அதன் நெய்யிலேயே முறுக வறுத்து, மேலே சாமை மாவை வார்த்துத் திருப்பிப் போட்டுக் கொடுத்தார். துரை ஆறு தின்றார். பிரம்பைக் கீழே வைத்தார். கூடாரத்தைப் பிரித்த அன்று அந்தச் சமையல்காரர் தம் மெல்லிய கத்தியை அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கிழிந்த காதுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளச் சொன்னாராம். அந்தக் கத்தி பின்னால் வரும்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது திருப்புலி நாட்டில். மாமா அதிகம் பேசாத மனிதர். அக்கா அடித்தால் சிரிப்பார். அவர்களுக்கு ஒரே பெண் குழந்தை. சாமைக்காடு, மிளகுக்கொடி ஏறிய நாலைந்து மரங்கள், ஓரத்தில் ஒரு பெரிய பலா. குறை சொல்ல முடியாத குடித்தனம்.

குழந்தைக்கு மூன்று வயதாக இருந்தபோது, சாமை முற்றிய நேரத்தில் ஒற்றைப் பன்றி ஒன்று காட்டை உழுதுபோட ஆரம்பித்தது. ஒரு காலை மாமாவும், அவருடைய சித்தப்பா மகனும் ஈட்டியோடு போனார்கள். அந்தச் சித்தப்பா மகனை நான் சின்ன மாமா என்பேன். விடுமுறைக்கு வந்திருந்த நானும் கூடப் போனேன். எனக்கு அப்போது இருபது வயது. பன்றியைக் கலைப்பதற்காக நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருந்ததாக ஊருக்குச் சொன்னேன். உங்களுக்கெல்லாம் தெரிந்ததும் அதுதான்.

பன்றி நேரே மாமாவின் மேல் பாய்ந்தது. அவருடைய ஈட்டி கல்லில் பட்டு ஒடிந்தது. சின்ன மாமா தம் ஈட்டியைக் கையில் பிடித்தபடியே பலா மரத்தில் ஏறிவிட்டார். பன்றி மாமாவின் தொடையைக் கிழித்து, வயிற்றைக் கிழித்து, கீழே தள்ளி மறுபடியும் கிழித்தது. கூழ்ச்சட்டியோடு வந்த அக்கா சட்டியைப் போட்டுவிட்டு, மாமாவின் இடுப்பிலிருந்து விழுந்த கொடுவாளை எடுத்துப் பன்றியின் கழுத்தில் வெட்டினார். அது திரும்பவில்லை. மறுபடி வெட்டினார். மூன்றாவது வெட்டில் அது மாமாவின் மேலேயே சாய்ந்தது. காலைப் பிடித்து இழுத்துப் புரட்டிப் போட்டுவிட்டு, மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மாமா தண்ணீர் கேட்டார். அக்கா ஓடைக்கு ஓடினார். திரும்பி வரும்போது மாமா உயிரோடு இல்லை. பன்றியின் விலாவில் ஒரு ஈட்டி நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் சின்ன மாமா நின்றார். நான் ஊரைக் கூட்டி வர ஓடிக்கொண்டிருந்தேன்.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஆளைக் கொன்ற விலங்கை எவர் கொன்றாரோ, அவரே செத்தவரின் வீட்டுக்குக் காவல். ஆண் வாரிசு இல்லாவிட்டால் காடும் கொடியும் அவர் கைக்குப் போகும். அந்த வீட்டார் அவர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிட வேண்டும். கொன்றவருக்குப் பன்றியின் தலையும் கழுத்தும். செத்தவர் வீட்டுக்கு விலா. நட்டு நின்ற ஈட்டியை ஊர் முழுவதும் பார்த்தது. கழுத்தில் இருந்த வெட்டுகள் செத்த பிறகு ஆத்திரத்தில் பெண்பிள்ளை போட்டவை என்று பெரியவர்கள் முடிவுகட்டினார்கள். பாராட்டு எல்லாம் சின்ன மாமாவுக்கு. அவர் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார்.

அக்கா பதினாறு நாளும் வாயைத் திறக்கவில்லை. துக்க வீட்டில் கறி ஆகாது என்பதால் விலாவைத் தோலோடு உப்பிட்டுப் பரணில் போட்டார். உப்பிடும்போது ஈட்டிக் குத்தில் விரலை விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை. தினமும் விலாவைத் திருப்பிப் போடுவார், பிறகு கத்தியைத் தீட்டுவார். சின்ன மாமாவை வெட்டத்தான் தீட்டுகிறார் என்று நான் நினைத்தேன்.

பதினேழாம் நாள் காலை, காட்டைக் கைமாற்ற நான்கு பெரியவர்கள் சின்ன மாமாவோடு வந்தார்கள். வருகிறவர்களுக்குச் சாப்பாடு போடுவது அந்த வீட்டின் கடமை. அக்கா தோசைக்கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் கத்தி. வலது பக்கம், கழுவாத கொடுவாள்.

"உக்காருங்க சாமி. கொழுந்தனாரு கல்லுக்குப் பக்கத்துல உக்காரோணும். அவருக்குத்தானே மொதத் தோசை."

முதலாவது, துரைக்குச் சுட்டது போலவே. கொழுப்பு வாரைக் கல்லில் முறுகவிட்டு, மேலே மாவு. சின்ன மாமா ஒரு வாய் வைத்ததும் அக்கா கேட்டார்:

"பன்னியக் குத்துனது ஆருங்க?"

"நாந்தானுங்க அண்ணி."

இரண்டாவது, கறியைப் பொடியாக அரிந்து பச்சை மிளகு தட்டிப்போட்டு, மாவில் கலந்து கனமாக ஊற்றியது. பெரியவர்கள் சப்புக்கொட்டினார்கள். "குத்துனது ஆருங்க?" "நாந்தானுங்க." மூன்றாவது, மெல்லிய தோசையில் வறுத்த வாரை வைத்துச் சுருட்டி, மேலே மலைத்தேன். உப்பும் தேனும் சேர்ந்தால் இப்படி இருக்கும் என்று அதுவரை யாருக்கும் தெரியாது. மூத்த பெரியவர் துக்க வீடு என்பதையும் மறந்து, "இன்னொண்ணு போடு கண்ணு" என்றார். "குத்துனது ஆருங்க?" "நாந்தானுங்க அண்ணி, எத்தனை வாட்டி கேக்கறீங்க?" நான்காவது, சிறு வாழைப்பழத்தை மாவில் பிசைந்து ஊற்றி, வாரைக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தது. சின்ன மாமா வேர்த்துக் கொட்டியபடி அதையும் தின்றார். பரிமாறியது நான்தான். ஒவ்வொரு தடவை அந்தக் கேள்வி வரும்போதும் இலைகளைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

ஐந்தாவதற்கு அக்கா விலாவை முழுசாக மடியில் வைத்துக்கொண்டு, சேலத்துச் சமையல்காரர் கொடுத்த கத்தியால் அகலமாக, வெற்றிலை போல ஒரு தகடு அரிந்தார். அதன் நடுவில் ஈட்டிக் குத்து. கல்லில் அதைப் போட்டு மாவை ஊற்றித் திருப்பினார். குத்தின் வழியே மாவு வெள்ளையாகப் பூத்து நின்றது. அதை மூத்த பெரியவரின் இலையில் போட்டார்.

"ஓட்டையச் சுத்தி நல்லாப் பாருங்க சாமி."

பெரியவர் பார்த்தார். மற்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். உயிரோடு இருக்கும் பன்றி குத்துப்பட்டால் காயத்தைச் சுற்றி இரத்தம் கட்டிக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பை அரிந்து எடுக்காமல் பரணில் போட்டால் நான்கே நாளில் நாறிவிடும். இது எங்கள் மலையில் கறி காயவைக்கிற எல்லோருக்கும் தெரியும். இந்தக் குத்தைச் சுற்றி ஒரு சொட்டுக் கறுப்பு இல்லை. பதினாறு நாளாகியும் விலாவில் அரிந்த இடம் நாற்றமில்லாமல் பால் போல இருந்தது.

"ஏப்பா," என்றார் பெரியவர், "நீ குத்தறப்ப பன்னி உசுரோட இருந்துச்சா?"

சின்ன மாமா எழுந்து ஓடப் பார்த்தார். அக்கா குடுமியைப் பிடித்து இழுத்து, அவர் முகத்தைத் தரையில் மோதினார். ஒரு பல் தெறித்து என் காலடியில் விழுந்தது. ஈட்டி பிடித்த வலக்கையை முறுக்கிக் கொதிக்கும் கல்லில் வைத்து அழுத்தினார். கொழுப்புப் பொரிகிற சத்தம். நான்கு பெரியவர்களில் ஒருவரும் அசையவில்லை.

"எங்க இருந்தீங்க? சொல்லுங்க! அவுரு கொடலு வெளிய கெடக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"மரத்து மேல! பலா மரத்து மேல இருந்தனுங்க அண்ணி! நீங்கதான் வெட்டுனீங்க, நாம் பாத்தனுங்க!"

அக்கா கையை விட்டார். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு தேன் குடுவையை எடுத்து அந்த வெந்த கையில் தாமே தடவினார். "தின்னுட்டுப் போங்க" என்று ஆறாவது தோசையை ஊற்றினார். பன்றியைக் கொன்றவர் அக்கா என்றும், தம் வீட்டுக்குத் தாமே காவல் என்றும் பெரியவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். அதற்கு முன் ஒரு பெண்ணுக்கு அப்படிச் சொன்னதில்லை.

அதன் பிறகு அக்கா அந்தக் காட்டைத் தனியாகவே ஆண்டார். மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். எல்லைக்கல்லை நகர்த்தியவரின் விரலை முறித்தார், பிறகு அவர் மனைவிக்குப் பேறுகாலம் பார்த்தார். மிளகு வாங்க வரும் சாயபுவுக்குப் பன்றிக்கறி படாத தனிக் கல்லில் தோசை வார்த்துத் தேன் ஊற்றிக் கொடுப்பார். சின்ன மாமா ஆண்டுதோறும் அறுவடைக்குக் கூப்பிடாமலே வந்து உழைத்துவிட்டுப் போவார்.

போன ஆண்டு நெஞ்சில் சளி கட்டி அக்கா படுத்தார். வைத்தியம் பார்க்கக் கீழே கொண்டுபோனோம். கழியில் கட்டிய தூளியின் முன்பக்கம் சின்ன மாமா, பின்பக்கம் நான். பாதி வழியில் இளைப்பாற இறக்கிவைத்தோம். சின்ன மாமா தண்ணீர் எடுக்கப் போனார். அக்கா என்னைப் பார்த்தார்.

"முன்னால அவுரு, பின்னால நீயி. அன்னைக்கும் ரெண்டு பேருந்தான். அவுரு மேக்கொப்புல, நீ கீழ்க்கொப்புல. உங்காலு தொங்குனது தெரிஞ்சுது கண்ணு."

ஆமாம், நான் மேட்டுக்கு அப்பால் இல்லை. அதே பலா மரத்தில் இருந்தேன். மூன்று வெட்டையும் எண்ணினேன். செத்த பன்றியின் மேல் சின்ன மாமா ஈட்டியை இறக்கியதையும் பார்த்தேன். நான் வாயைத் திறந்திருந்தால் அந்தப் பதினாறு நாளும் இல்லை, அந்தத் தோசைகளும் இல்லை. திறந்தால் நான் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டிவருமே என்று மூடிக்கொண்டேன்.

"ஏங்க்கா எங்கிட்டக் கேக்கவே இல்ல?"

"கேட்டா உங்கையையும் கல்லுல வெக்கோணுமே சாமி. எழுதற கை."

மூன்றாம் நாள், காளப்பநாயக்கன்பட்டியில், சாயபு வீட்டு மச்சில், விடிந்து வெயில் ஏறும்போது போய்விட்டார்.

தூளி சுமந்த ஊராருக்கும், தம் வீட்டைத் திறந்துவிட்ட சாயபு குடும்பத்தாருக்கும், காசு கேட்காத வைத்தியருக்கும், அழுத எல்லோருக்கும், அடி வாங்கிய எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. சின்ன மாமாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கை வெந்தபோதும் "உங்க தம்பியும் அங்கதான் இருந்தாரு" என்று அவர் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகளிலும் ஒருவரிடமும் சொல்லவில்லை. தம் கதையை மறைக்காமல் எழுதச் சொன்னவரும் அவர்தான்.

ஆண்டு நினைவு நாளன்று காலை, அக்காவின் மகள் அதே கல்லில் ஐந்து விதத் தோசையும் சுடுவாள். நான் கல்லுக்குப் பக்கத்தில், சின்ன மாமா அன்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பேன். வருகிறவர்கள் ஒவ்வொரு தோசைக்கும் ஒரு தடவை என்னைக் கேளுங்கள், நீ எங்கே இருந்தாய் என்று. பதில் சொல்கிறேன்.